முன்னணை என்ற அடையாளம்

கேள்வி சுருக்கமாக இதுதான்: இயேசு கடவுளின் மகன், பழைய இஸ்ரவேலின் அரசர் தாவீதின் அரியணைக்கு உரியவர் என்று கிறிஸ்தவர்கள் சொல்கிறார்கள். அப்படியானால் அவர் ஏன் மாட்டுத்தொழுவத்தில் பிறக்க வேண்டும்? எளிமையாக வாழுங்கள் என்று நமக்குப் பாடம் நடத்தவா? அல்லது ஓர் ஏழை வீட்டுப் பிள்ளையின் பிறப்பைப் பிற்பாடு பெருமையாக மாற்றிச் சொல்லிக்கொண்டார்களா?

கடைசிக் கேள்வி கொஞ்சம் குத்தலாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நியாயமானது. கி.பி. 2ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கேட்டுவிட்டார்கள். அவர்களிடம் பின்னால் வருகிறேன். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எளிமைப் பாடம் என்பது பதிலில் கால்வாசிதான். மீதி முக்கால்வாசி, கடவுள் எப்படிப்பட்டவர் என்ற கேள்வியோடு சம்பந்தப்பட்டது.

முதலில் நூலில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். ஏனென்றால் நம் மனதில் பதிந்திருக்கும் காட்சியில் பாதி, நற்செய்தி நூல்களில் ஒன்றை எழுதிய லூக்கா சொல்லாதது. தொழுவம் என்ற சொல்லே அவர் சொல்லும் பிறப்புக் கதையில் இல்லை. மாடும் கழுதையும் இல்லை. கதவைச் சாத்திய சத்திரக்காரரும் இல்லை. அவர் எழுதியது ஒரே வாக்கியம்: "அவள் தன் முதற்பேறான குமாரனைப் பெற்று, சத்திரத்திலே அவர்களுக்கு இடமில்லாதிருந்தபடியினால், பிள்ளையைத் துணிகளில் சுற்றி, முன்னணையிலே கிடத்தினாள்."

முன்னணை என்றால் என்னவென்று இன்று பலருக்குத் தெரியாது. ஞாயிறு பள்ளியில் ஒருமுறை இந்தப் பகுதியை வாசித்தபோது ஒரு பையன், "முன்னணைன்னா தலையணை மாதிரியா?" என்று கேட்டான். சிரித்தார்கள். ஆனால் அவன் கேட்டதில் தவறே இல்லை. பழைய மொழிபெயர்ப்போடு வளர்ந்தவர்களுக்கு அது வெறும் கிறிஸ்துமஸ் சொல்லாகிவிட்டது. கத்தோலிக்கரின் புதிய மொழிபெயர்ப்பு 'தீவனத் தொட்டி' என்று போட்டு விஷயத்தை உடைத்துவிடுகிறது. ஆமாம், மாட்டுக்குத் தீவனம் வைக்கும் தொட்டி. அந்த நாட்டில் சுண்ணாம்புக்கல்லைக் குடைந்து செய்திருப்பார்கள், அல்லது மண்ணைக் குழைத்துக் கட்டியிருப்பார்கள். நாள்தோறும் மாடுகள் முகத்தை நுழைத்து, எச்சில் பட்டு, உரசி உரசி விளிம்பு வழவழப்பாகிப்போன ஒரு பள்ளம். அதில்தான் குழந்தையைப் படுக்க வைத்தார்கள்.

அடுத்தது 'சத்திரம்'. லூக்கா இங்கே எழுதிய கிரேக்கச் சொல் கத்தாலுமா. இதே சொல்லைப் பின்னால் கடைசி இராவுணவுக்கான அறையைக் குறிக்கவும் அவர் பயன்படுத்துகிறார். இயேசு சொன்ன நல்ல சமாரியன் கதையில் அடிபட்டவனைக் கொண்டுபோய்ச் சேர்த்த, பணம் கொடுத்துத் தங்கும் சத்திரத்துக்கு அவர் எழுதியது வேறு சொல், பாண்டோகெயோன். பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் இரண்டு இடத்திலும் 'சத்திரம்' என்றே இருப்பதால் இந்த வித்தியாசம் நமக்குத் தெரிவதில்லை. அதனால் இன்றைய அறிஞர்கள் பலர் இப்படி வாசிக்கிறார்கள்: மரியாவின் கணவர் யோசேப்பின் சொந்தக்காரர் வீட்டில் விருந்தினர் அறை நிரம்பிவிட்டது, எனவே வீட்டோடு சேர்ந்து கால்நடைகள் இரவில் அடைகிற பகுதியில் பிள்ளைப்பேறு நடந்தது. பாலஸ்தீனத்துக் குடியானவர் வீடுகளில் மாடும் மனிதரும் ஒரே கூரைக்குக் கீழ் இருப்பது சாதாரணம்தான். கிறிஸ்து குகையில் பிறந்தார் என்று 2ஆம் நூற்றாண்டில் யுஸ்தீன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் எழுதினார். குகையை ஒட்டி வீடு கட்டுவதும் அங்கே உண்டு. எது சரி என்று சண்டை போட வேண்டியதில்லை. எப்படிப் பார்த்தாலும் தீவனத் தொட்டி தீவனத் தொட்டிதான்.

'துணிகளில் சுற்றி' என்பதையும் நாம் ஏழ்மையின் குறியாகவே பாடுகிறோம், கந்தை என்று. அது சரியல்ல. அந்தக் காலத்தில் பிறந்த எல்லாக் குழந்தையையும் அப்படித்தான் இறுகச் சுற்றினார்கள். கத்தோலிக்கர் ஏற்கும் சாலமோனின் ஞானம் என்ற நூலில் அரசன் சாலமோனே பேசுவதாக ஒரு பகுதி வருகிறது: நானும் துணிகளில் பொதியப்பட்டுத்தான் வளர்ந்தேன், எந்த அரசனுக்கும் வாழ்க்கை வேறு விதமாகத் தொடங்கியதில்லை என்று. ஆக, துணி எல்லாருக்கும் உள்ளது. தொட்டிதான் இந்தக் குழந்தைக்கு மட்டும் உள்ளது.

இதைத்தான் லூக்காவும் பிடித்துக்கொள்கிறார். வயல்வெளியில் இராக்காவல் காத்த மேய்ப்பர்களிடம் தூதன், "பிள்ளையைத் துணிகளில் சுற்றி, முன்னணையில் கிடத்தியிருக்கக் காண்பீர்கள்; இதுவே உங்களுக்கு அடையாளம்" என்கிறான். இருபதே வசனங்களுக்குள் தொட்டி மூன்று முறை வந்துவிடுகிறது. மேசியாவுக்கு, அதாவது கடவுள் அனுப்புவார் என்று யூதர்கள் காத்திருந்த அரசருக்கு, அடையாளம் வானத்து நட்சத்திரமோ வாளோ முடியோ என்று எதிர்பார்த்திருப்பார்கள். கிடைத்தது இது. இன்னொன்றையும் கவனியுங்கள்: இந்த அடையாளத்தை மேய்ப்பர்களால் போய்ச் சரிபார்க்க முடியும். அரண்மனையில் குழந்தை பிறந்திருந்தால் அவர்களை வாசலோடு நிறுத்தியிருப்பார்கள். தொட்டியில் கிடக்கும் குழந்தையைப் பார்க்க யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம். (மேய்ப்பர்கள் அந்தச் சமுதாயத்தில் தீண்டத்தகாதவர்கள்போல் இருந்தார்கள் என்று பிரசங்கங்களில் சொல்வதுண்டு. அதற்கான சான்றுகள் பெரும்பாலும் பிற்காலத்தவை. தாவீதே பெத்லகேமில் ஆடு மேய்த்தவர்தானே. அவர்கள் சாதாரண உழைப்பாளிகள். அவ்வளவு சொன்னாலே போதும்.)

இந்தக் காட்சி யாருக்கு எதிராக நிறுத்தப்பட்டிருக்கிறது என்பதும் அதே பகுதியில் இருக்கிறது. கதை ரோமப் பேரரசர் அகஸ்து ராயனின் பெயரோடு தொடங்குகிறது. அவர் ஒரு கட்டளை போடுகிறார். உலகமே குடிமதிப்பு, அதாவது மக்கள்தொகைக் கணக்கு, எழுத நகர்கிறது. அதில் நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தியும் நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்கு நகர்கிறாள். (அந்தக் குடிமதிப்பு எந்த ஆண்டில் நடந்தது என்பது பெரிய தகராறு. அதற்குள் நான் இப்போது போகவில்லை.) அகஸ்து, ஜூலியஸ் சீசரின் வளர்ப்பு மகன். சீசரைத் தெய்வமாக அறிவித்த பிறகு இவர் 'தெய்வத்தின் மகன்' ஆனார்; காசுகளிலேயே அப்படிப் பொறித்தார்கள். இன்றைய துருக்கியில் உள்ள பிரியேனே நகரில் கி.மு. 9ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு கல்வெட்டு கிடைத்தது. அகஸ்துவை இரட்சகர் என்று புகழ்ந்து, அவருடைய பிறந்தநாள்தான் உலகத்துக்கு நற்செய்தியின் தொடக்கம், இனி அந்த நாளையே ஆண்டின் முதல் நாளாகக் கொள்வோம் என்று அது சொல்கிறது.

இப்போது தூதன் சொன்னதை வாசியுங்கள். நற்செய்தி, இரட்சகர், ஆண்டவர், இன்று பிறந்திருக்கிறார். அதே சொற்கள், வேறொரு பிறந்தநாளுக்கு. லூக்கா இந்தக் கல்வெட்டைப் பார்த்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்தச் சொற்கள் அப்போது காற்றில் இருந்தன, கேட்டவர்களுக்கு உறைத்திருக்கும்.

சரி, யூதர்கள் எதிர்பார்த்த மேசியா எப்படிப்பட்டவர்? கி.மு. 63இல் ரோமத் தளபதி பொம்பேயு எருசலேமைப் பிடித்தார். அந்தக் காயம் ஆறாத காலத்தில் எழுந்த 'சாலமோனின் சங்கீதங்கள்' என்ற பாடல் தொகுப்பில், தாவீதின் மகன் வந்து அந்நியரை எருசலேமிலிருந்து துரத்துவார், பாவிகளின் ஆணவத்தைக் குயவன் பாண்டத்தைப்போல நொறுக்குவார் என்று இருக்கிறது. அடிபட்ட மக்கள் அப்படி எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் அதே மரபுக்குள் வேறொரு குரலும் பழங்காலத்திலிருந்தே இருந்தது. தீர்க்கதரிசி சாமுவேல் அரசனைத் தேடி ஈசாயின் வீட்டுக்கு வந்தபோது ஏழு மகன்களை வரிசையாக நிறுத்தினார்கள். எட்டாவது பையன் ஆட்டுக்குப் பின்னால் போயிருந்தான், அவனைக் கூப்பிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவன்தான் தாவீது. தீர்க்கதரிசி மீகா பெத்லகேமைப் பற்றிப் பேசும்போது முதலில் சொல்வது, நீ சிறியது என்பதைத்தான். இன்னொரு தீர்க்கதரிசியான ஏசாயா காட்டும் மேசியா, வெட்டிப்போட்ட அடிமரத்திலிருந்து வரும் துளிர். அரச மரபே மரமாக நிற்கவில்லை, கட்டையாகக் கிடக்கிறது. அதன் ஓரத்தில் ஒரு பச்சை. ஆகவே தீவனத் தொட்டி தீர்க்கதரிசனத்துக்கு விரோதமாக வந்த ஆச்சரியம் இல்லை. அந்த இரண்டாவது குரல்தான் உண்மையில் மேசியாவின் குரல் என்று கிறிஸ்தவர்கள் திரும்பிப் பார்த்து உணர்ந்துகொண்டார்கள்.

மாடும் கழுதையும் வந்ததுகூட ஏசாயா வழியாகத்தான். "மாடு தன் எஜமானையும், கழுதை தன் ஆண்டவனின் முன்னணையையும் அறியும், இஸ்ரவேலோ அறிவில்லாமல்" என்று அவர் நூலின் முதல் அதிகாரத்திலேயே கடவுள் குறைப்படுகிறார். முன்னணை என்ற ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு பழைய ஓவியர்கள் இரண்டு விலங்கையும் குழந்தை அருகில் நிறுத்திவிட்டார்கள்.

இப்போது அந்தக் குத்தலான கேள்விக்கு வருகிறேன். 2ஆம் நூற்றாண்டில் கெல்சு என்ற தத்துவவாதி கிறிஸ்தவர்களைக் கிண்டல் செய்து ஒரு நூல் எழுதினார். அதில் அவர் வைத்த வாதங்களில் ஒன்று, இயேசுவின் தாய் நூல் நூற்றுப் பிழைத்த ஓர் ஏழைக் கிராமத்துப் பெண் என்பது. கடவுள் வருகிற இடமா அது என்பது அவருக்குச் சிரிப்பு. சுமார் 70 ஆண்டு கழித்து கிறிஸ்தவ அறிஞர் ஒரிகன் பதில் எழுதியபோது ஏழ்மையை அவர் மறுக்கவே இல்லை. நல்ல ஊர், பெரிய குடும்பம், வசதியான படிப்பு எதுவும் இல்லாத ஒருவர் உலகத்தை இப்படி அசைத்தாரே, அது எப்படி என்று திருப்பிக் கேட்டார். கவனியுங்கள், இங்கே ஏழ்மையைப் பெருமையாக மாற்றிச் சொல்ல வேண்டிய கட்டாயம் கிறிஸ்தவர்களுக்கு இருக்கவில்லை. மறைத்துவிடுவதுதான் சுலபமான வழி. ரோம உலகில் 'தாழ்ந்தவன்' என்பது ஏறக்குறைய வசவு.

மறைக்கப் பார்த்தவர்களும் உண்டு. மார்கியோன் என்பவர் லூக்கா நற்செய்தியைத் தனக்கு ஏற்றபடி வெட்டினார். அவருடைய பதிப்பில் மரியா இல்லை, பெத்லகேம் இல்லை, தொட்டி இல்லை. திபேரியு ராயனின் 15ஆம் ஆண்டில் கிறிஸ்து நேராகக் கப்பர்நகூம் என்ற ஊரில் வந்து இறங்கிவிடுகிறார், முழு வளர்ச்சியோடு. கர்ப்பம், இரத்தம், அழுகை, பால்குடி இதெல்லாம் கடவுளுக்கு அசிங்கம் என்பது அவர் எண்ணம். வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜைச் சேர்ந்த கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் இதற்கு எழுதிய பதில் இன்றும் படிக்கச் சூடாக இருக்கும். மார்கியோன் பேசுவதுபோலவே அவர் நடித்துக் காட்டுகிறார்: அந்தக் குடிமதிப்பு தொல்லையைத் தூக்கிப் போடு, நெருக்கடியான சத்திரத்தைத் தூக்கிப் போடு, அழுக்குத் துணியையும் கரடுமுரடான தொட்டியையும் தூக்கிப் போடு என்று. அப்புறம் மார்கியோனையே பார்த்துக் கேட்கிறார்: நீ எப்படிப் பிறந்தாய்? பிறப்பை வெறுக்கிற நீ மனிதரை எப்படி நேசிப்பாய்? கிறிஸ்துவோ மனிதனை நேசித்தார். நேசித்ததால் அவன் பிறந்த விதத்தையும் சேர்த்தே நேசித்தார்.

திருச்சபை மார்கியோனின் கத்திரிக்கோலை ஏற்கவில்லை. ஏன் என்பதற்கான கூர்மையான விடையை 4ஆம் நூற்றாண்டில் நசியான்சு கிரகோரி என்ற ஆயர் ஒரு கடிதத்தில் எழுதினார். அவர் சொன்னதன் சாரம் இது: கிறிஸ்து எதைத் தமக்குள் ஏற்கவில்லையோ அது குணமாகவில்லை. நம் வாழ்க்கையில் தாழ்ந்த பகுதி என்று ஒன்றை விட்டுவிட்டு அவர் மேற்பகுதியை மட்டும் ஏற்றிருந்தால், அந்தத் தாழ்ந்த பகுதி அப்படியே நோயில் கிடந்திருக்கும். அதனால்தான் இயேசு முழுக்கக் கடவுள், முழுக்க மனிதர் என்று கி.பி. 451இல் கல்கதோனில் கூடிய ஆயர்களின் சங்கம் அறிவித்ததும் தொட்டிக் கதையும் வேறு வேறு விஷயங்கள் அல்ல.

இங்கே ஒரு தவறான வாசிப்பைச் சொல்லியாக வேண்டும். எனக்கு இதுதான் முக்கியம். அரசன் மாறுவேடம் போட்டுக்கொண்டு நகர்வலம் போகும் கதை நமக்கெல்லாம் தெரியும். பிச்சைக்காரன்போல் போவான், மக்கள் பேசுவதைக் கேட்பான், கடைசியில் கந்தையை உதறிவிட்டு முடியைக் காட்டுவான். பலர் பெத்லகேமை இப்படித்தான் புரிந்துகொள்கிறார்கள்: உள்ளே ராஜா, மேலே ஏழை வேடம். திருத்தூதர் பவுல் பிலிப்பி ஊர்ச் சபைக்கு எழுதிய கடிதத்தில் உள்ள பழைய பாடலும் முதலில் அப்படித்தான் கேட்கும்: "அவர் தேவனுடைய ரூபமாயிருந்தும்... தம்மைத்தாமே வெறுமையாக்கி, அடிமையின் ரூபமெடுத்து." இந்த 'இருந்தும்' என்பதில் வரும் 'உம்' இருக்கிறதே, அது தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் எடுத்த முடிவு. கிரேக்க மூலத்தில் 'இருக்கிறவராய்' என்ற அளவில் ஒரு வினையெச்சம்தான் உள்ளது. 'கடவுளாக இருந்தும் தாழ்ந்தார்' என்றும் வாசிக்கலாம். 'கடவுளாக இருந்ததால் தாழ்ந்தார்' என்றும் வாசிக்கலாம். இரண்டு வாசிப்புக்கும் ஆதரவாளர்கள் உண்டு.

நான் இரண்டாவது பக்கம் சாய்கிறேன். முதல் வாசிப்பில் தாழ்மை என்பது கடவுளின் இயல்புக்கு மாறாக அவர் சிறிது காலம் சகித்துக்கொண்ட சங்கடம். இரண்டாவதில் அதுவே அவருடைய இயல்பு. உயரத்தில் இருந்துகொண்டு பற்றிக்கொள்கிறவர் அல்ல, கொடுத்துவிடுகிறவர் என்பதுதான் கடவுள் என்பதன் பொருள். அப்படியானால் தொட்டியில் நாம் பார்ப்பது வேடம் இல்லை, அவருடைய முகம். கதையின் முடிவும் இதற்கு ஒத்துவருகிறது. மாறுவேடக் கதையில் கடைசியில் கந்தை கழன்றுவிடும். நற்செய்தியில் உயிர்த்தெழுந்த பிறகும் இயேசு தம் சீடர் தோமாவுக்கு ஆணித் தழும்பைக் காட்டுகிறார். பிறப்பில் எடுத்த உடலை அவர் கழற்றிப் போடவே இல்லை. 'அவதாரம்' என்ற சொல்லை நம் மொழியில் கிறிஸ்தவர்களும் பயன்படுத்துகிறார்கள். இறங்கி வருதல் என்ற பொருளில் அது அழகான சொல்தான். ஆனால் ஒரேமுறை, திரும்ப விட்டுவிடாமல் என்ற பொருளையும் சேர்த்துச் சொல்வதற்காகவே பலர் 'மனிதராதல்' என்று எழுதுகிறார்கள்.

அப்படியென்றால் ஏழ்மை புனிதமானதா? இல்லை. இந்த இடத்தில் பிரசங்கிகள் வழுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன். ஆண்டவரே தொழுவத்தில் பிறந்தார், நீ ஏன் குறைப்படுகிறாய் என்று ஏழையிடம் சொல்வது தொட்டிக் கதையைத் தலைகீழாக்குவது. கர்ப்பிணியான மரியா பாடிய பாட்டைக் கேளுங்கள்: "பலவான்களை ஆசனங்களிலிருந்து தள்ளி, தாழ்மையானவர்களை உயர்த்தினார். பசியுள்ளவர்களை நன்மைகளினால் நிரப்பி..." பசித்தவர் பசியோடு இருக்கட்டும் என்று அவள் பாடவில்லை. அதே பாட்டில் தன் 'தாழ்மையை' கடவுள் நோக்கிப் பார்த்தார் என்கிறாள்; அங்கே தாழ்மை என்பது பணிவு என்ற நற்குணம் இல்லை, கீழே கிடக்கும் நிலை. அவர்கள் நிலை எப்படி இருந்தது என்பதற்கு லூக்கா ஒரு சின்னச் சான்று தருகிறார். பிள்ளை பெற்ற தாய் கோயிலில் ஓர் ஆட்டுக்குட்டியைப் பலி கொடுக்க வேண்டும், அதற்கு வசதி இல்லாதவள் இரண்டு புறாக்களைக் கொடுக்கலாம் என்பது பழைய ஏற்பாட்டின் லேவியராகமச் சட்டம். மரியாளும் யோசேப்பும் கொடுத்தது புறாக் கணக்கில்தான். லூக்கா இதை விளக்கவில்லை. ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்.

பவுலும் இந்தத் தாழ்மையைத் தியானத்துக்காக மட்டும் எழுதவில்லை. "அவர் ஐசுவரியமுள்ளவராயிருந்தும்... உங்கள்நிமித்தம் தரித்திரரானாரே" என்ற புகழ்பெற்ற வசனம் எங்கே வருகிறது தெரியுமா? காணிக்கை வசூலில். எருசலேமில் இருந்த ஏழைகளுக்காகக் கொரிந்து சபையிடம் பணம் கேட்கும்போது வருகிறது. போன வருஷம் தருவதாகச் சொன்னீர்கள், இன்னும் முடிக்கவில்லை என்று நாசூக்காக ஞாபகப்படுத்துகிறார், நடுவில் இந்த வரி. பிலிப்பியர் பாடலும் அப்படியே. அந்தச் சபையில் எயோதியாள், சிந்திகேயாள் என்ற இரண்டு பெண்களுக்குள் ஒத்துப்போகவில்லை. யார் பெரியவர் என்ற போட்டி மற்றவர்களிடமும் இருந்திருக்க வேண்டும். அதைத் தீர்க்கத்தான் கிறிஸ்து தம்மை வெறுமையாக்கிய பாடலை எடுத்து வைக்கிறார்.

இன்னொரு சரடும் உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். பெத்லகேம் என்றால் எபிரேயத்தில் 'அப்பத்தின் வீடு'. தொட்டி, உண்ணும் இடம். பிற்காலத்தில் 'ஜீவ அப்பம் நானே' என்று சொல்லப்போகிறவர் அப்பத்தின் வீட்டில், உணவு வைக்கும் இடத்தில் கிடத்தப்பட்டார் என்று அகுஸ்தீன் போன்ற பழைய மறையுரையாளர்கள் இணைத்துப் பார்த்தார்கள். லூக்கா இதை நினைத்து எழுதினாரா என்பது வேறு. ஆனால் துறவி அசிசி பிரான்சிசு 1223இல் இத்தாலியின் கிரேச்சோவில் வைக்கோலும் தீவனத் தொட்டியும் மாடும் கழுதையும் வைத்துத் திருப்பலிக்கு ஏற்பாடு செய்தபோது இந்தச் சரடும் அவர் கையில் இருந்ததாகப் பார்க்கலாம். இன்றைய குடில் வழக்கம் பரவியதில் அந்த இரவுக்குப் பெரிய பங்கு உண்டு.

பெத்லகேமில் இன்று அந்த இடத்தின்மேல் ஒரு பெரிய ஆலயம் நிற்கிறது. 4ஆம் நூற்றாண்டில் கட்டியது. 6ஆம் நூற்றாண்டில் யுஸ்தீனியன் பேரரசர் காலத்தில் மறுபடி எழுந்தது. அதன் வாசலைப் பிற்காலத்தில் அடைத்து அடைத்துச் சிறிதாக்கிவிட்டார்கள், குதிரையும் வண்டியும் உள்ளே வராமல் இருப்பதற்காக. இப்போது சுமார் 1.2 மீட்டர் உயரம்தான் இருக்கிறது. யார் போனாலும் குனிந்துதான் நுழைய வேண்டும்.

386இல் இந்த ஊருக்கு வந்து குடியேறி, 420இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தவர், பைபிளை இலத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம். அவர் வருவதற்குள் பக்தர்கள் ஒரு வேலை செய்துவிட்டிருந்தார்கள். பழைய மண் தொட்டியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வெள்ளியில் ஒன்றைச் செய்து வைத்திருந்தார்கள். மரியாதைக்காகச் செய்தவர்களைத் தாம் குறை சொல்லவில்லை என்று ஜெரோம் ஒரு கிறிஸ்து பிறப்பு மறையுரையில் சொல்லிவிட்டு, எடுத்துப் போட்டார்களே அந்த மண் தொட்டி, அதுதான் எனக்கு விலையேறியது, அதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே என்று அங்கேயே ஏங்கினார்.